மனேஜரின் வீட்டுக்கு அம்மாவை அனுப்பலாமா?

யூலை 11, இரவு 8.50 (கேள்வி)

பெயர் வேண்டாம். வயது 26, யாழ்ப்பாணம் ரவுணுக்குள் ஒரு காப்புறுதிக் கிளையில் வேலை. சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. மனேஜர் என்னோடு கதைப்பதே இல்லை. என்னோடு சேர்ந்த பெடியனோடு மட்டும் சிரித்துச் சிரித்துக் கதைக்கிறார். மனேஜர் எங்கள் ஊர் ஆள்தான், அம்மாவுக்கு நல்லாத் தெரிந்தவர். அம்மா சொல்கிறா, "ஒருக்கா வீட்டை போய்க் கதைச்சிட்டு வரட்டோ?" என்று. போகவிடலாமா?

யூலை 11, இரவு 10.20

முதலில் அம்மாவை மறியுங்கள் தங்கச்சி. மிச்சத்தைப் பிறகு கதைப்போம்.

அம்மா போனால் என்ன நடக்கும் என்று நான் சொல்கிறேன். மனேஜர் கேற்றடிக்கு வந்து "வாங்கோக்கா" என்பார். தேத்தண்ணி வரும். "அவள் நல்ல பிள்ளை, ஒரு பிரச்சினையும் இல்லை" என்பார். அம்மா சந்தோஷமாகத் திரும்பி வருவா. திங்கட்கிழமையில் இருந்து நீங்கள் அந்த ஒபிசில் ஊர்க்காரி ஒருத்தியின் மகள், அவ்வளவுதான். உங்களைப் பேச அவருக்கு வாய் வராது. ஒரு கஷ்டமான பைலைத் தூக்கித் தந்து "செய்து கொண்டு வாரும்" என்று சொல்லவும் யோசிப்பார், ஏனென்றால் பிழைத்தால் ஊருக்குள் கதை. உங்களுக்கு ஏதும் நல்லது செய்தாலும் மற்றவர்கள் "ஊராள்தானே" என்பார்கள். இரண்டு பக்கமும் அடைபட்டுவிடும்.

கொழும்பில் வேலை செய்கிறவர்களுக்கு மனேஜர் தூரத்தில் இருக்கிறார் என்று கவலை. இங்கே அவர் தேவைக்கு மேல் கிட்ட இருக்கிறார். கோயிலில் காண்போம், சந்தையில் காண்போம், கலியாணவீட்டில் பக்கத்துக் கதிரையில் இருப்பார். அதனாலேயே ஒபிஸ் உறவை ஒபிசுக்குள்ளேயே வளர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

"கதைப்பதில்லை" என்றால் என்ன? சிரிப்பதில்லையா, வேலை சொல்வதில்லையா? இரண்டும் ஒன்றில்லை.

யூலை 12, காலை 7.15

பஸ்சில் இருந்து எழுதுகிறேன், எழுத்துப்பிழை கண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெடியன் வெளிவேலைக்குப் போகிறவன் என்று கீழே எழுதியிருக்கிறீர்கள். அப்ப சரி. அவன் பின்னேரம் வந்து "இண்டைக்கு மானிப்பாயிலை இது நடந்தது, சுன்னாகத்திலை அது நடந்தது" என்று சொல்ல அவனிடம் ஒரு கதை இருக்கிறது. மனேஜரின் அறைக்குள் போக அவனுக்குத் தினமும் ஒரு காரணம் உண்டு. நீங்கள் மேசையில் இருந்து பொலிசிப் பத்திரம் அடிக்கிறீர்கள். பிழை வந்தால் மட்டும்தான் உங்கள் பெயர் அவர் காதில் விழுகிறது. ஆள் பிடிக்காமல் இல்லை, உங்களோடு கதைக்க அவருக்கு விஷயம் இல்லை.

அந்த விஷயத்தை நீங்கள்தான் உண்டாக்க வேண்டும். எப்படி என்பதை இரவு எழுதுகிறேன். யாழ் ஆஸ்பத்திரியடி வந்துவிட்டது.

யூலை 12, இரவு 9.30

நான் ஒரு லீசிங் கம்பனிக் கிளையில் பல வருஷம் இருந்தேன், வாகனம் எடுக்கக் காசு கொடுத்துத் தவணையில் அறவிடுகிற கம்பனி. வசூல் பகுதி. மனேஜரின் மேசைக்குக் கண்ணாடி போட்டிருந்தது. கண்ணாடிக்கு அடியில் ஒரு கலண்டர், நல்லூர் முருகன் படம், மகளின் பாஸ்போட் அளவுப் படம். மேசையில் இரண்டு போன். சின்னது வீட்டுக்கு. பெரியது கம்பனி தந்தது. பெரியது அடித்தால் அவருடைய முதுகு கதிரையை விட்டு நிமிரும். சேட்டின் மேல்பொத்தான் பூட்டியிருக்கிறதா என்று கை தானாகத் தடவிப் பார்க்கும். போனுக்குள்ளால் ஆர் பார்க்கப் போகினம்?

பின்னேரம் நாலு மணி என்றால் அந்த மனுஷன் கத்தத் தொடங்கிவிடுவார். "அந்த நாவற்குழிக் கணக்கு என்ன மாதிரி? ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?" நாங்கள் எல்லோரும் அதை அவருடைய குணம் என்றே வைத்திருந்தோம். சீனி வருத்தம், மருந்து போடுவதில்லை என்று ஒரு கதையும் உலாவியது.

அஞ்சு மணிக்குக் கொழும்பில் இருந்து றீஜனல் மனேஜரின் கோல் வரும். கிளை கிளையாகக் கேட்பார்கள்: இன்று எவ்வளவு வந்தது, எது வராது, ஏன் வராது. எங்கள் ஆள் கையில் ஒன்றும் இல்லாமல் அந்தப் போனை எடுக்க வேண்டும். நாலு மணிக் கத்தல் அங்கிருந்துதான் வந்தது.

விளங்கிய பிறகு நான் ஒரு வேலை செய்தேன். மூன்றரைக்கு ஒரு அரைத் தாள். கையெழுத்தில் மூன்று வரி. இன்று வந்த காசு. நாளைக்குத் தருவேன் என்று சொன்னவர்கள். கடைசி வரியில், என்ன சொன்னாலும் தரமாட்டார் என்று நான் நினைக்கிற ஆள், அதற்கு ஒரு காரணம். மேசைக் கண்ணாடியில் வைத்துவிட்டு வந்துவிடுவேன். நின்று விளக்கம் சொல்வதில்லை.

முதல் கிழமை அவர் அதைத் தொட்டமாதிரியே தெரியவில்லை. பிறகு ஒருநாள் அஞ்சு மணிக் கோலில் என்னுடைய மூன்றாவது வரியை அப்படியே வாசித்தது கதவுக்கு வெளியில் எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு என் பக்கம் கத்தல் நின்றது. மற்றவர்களுக்கு நிற்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மேலாளரோடு நல்ல உறவு என்று எல்லோரும் பெரிதாகக் கதைக்கிறார்கள். நான் கண்டது இவ்வளவுதான்: அவருக்கு மேலே இருப்பவர் அவரிடம் என்ன கேட்கிறார், எத்தனை மணிக்குக் கேட்கிறார் என்று பாருங்கள்.

யூலை 13, காலை

"இதைத்தான் நாங்கள் பந்தம் பிடிக்கிறது என்கிறோம்" என்று ஒரு அண்ணை எழுதியிருக்கிறார். வரவேற்கிறேன்.

பந்தம் பிடிக்கிறவன் நல்ல செய்தி மட்டும் கொண்டுபோவான் அண்ணை. என் அரைத் தாளின் மூன்றாவது வரி கெட்ட செய்தி. அதை முந்திக் கொண்டுபோய்க் கொடுப்பதற்குத்தான் அந்தத் தாளே. அவருடைய பிறந்தநாளுக்குக் கேக் வெட்டிய குழு வேறு, நான் அந்தக் காசு சேர்க்கிற பட்டியலில் கடைசிப் பெயர்.

யூலை 13, பின்னேரம்

அண்ணை விடுகிறார் இல்லை. "கெட்ட செய்தி கொண்டுபோனால் கொண்டுபோனவனுக்குத்தான் அடி" என்கிறார். உண்மைதான், பிந்திக் கொண்டுபோனால்.

ஒரு உதாரணம். எங்கள் கிளைக்கு வேலணை, புங்குடுதீவுப் பக்கம் நிறைய முச்சக்கரவண்டிக் கணக்கு இருந்தது. ஐப்பசி, கார்த்திகையில் மாரி தொடங்கினால் கடல் எழும்பிவிடும், படகு இறங்காது. தோட்டத்தில் வெள்ளம் நிற்கும். மீன்காரரிடமும் தோட்டக்காரரிடமும் காசு இல்லையென்றால் ஓட்டோவில் ஏற ஆள் இல்லை. ஓட்டோக்காரரிடம் தவணை இல்லை. இது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். கொழும்புக்குத் தெரியாது. அவர்களுக்குப் பெரிய மழை வைகாசியில், தென்மேற்கால் வருவது. எங்கள் மழை வருஷக் கடைசியில் வடகிழக்கால் வருகிறது. வருஷக் கடைசி இலக்கும் அப்போதுதான்.

ஒவ்வொரு மார்கழியும் எங்கள் கிளை அடி வாங்கும். ஒரு வருஷம் நான் புரட்டாதியிலேயே ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தேன், தீவுப் பக்கம் மாரியில் பிந்தக்கூடிய கணக்குகள், தையில் வரக்கூடியவை என்று பிரித்து. மனேஜர் அதை மேலே அனுப்பினார். அந்த மார்கழியும் காசு வரவில்லை, ஆனால் கேட்டவர்களுக்குக் காரணம் முந்தியே தெரிந்திருந்தது. தையில் அவர் என்னைக் கூப்பிட்டு ஒரு சொல் நன்றி சொல்லவில்லை. "இந்த முறை பட்டியலை ஆவணியிலேயே தாரும்" என்றார். எனக்கு அது போதும்.

யூலை 16

இது வரை எழுதியதெல்லாம் கம்பனிக்கு. கடைக்குப் பொருந்தாது. இரண்டு பேர் கேட்டதால் எழுதுகிறேன்.

லீசிங்கை விட்டபிறகு ஒரு ஹாட்வெயார் கடையில் கணக்குப் பார்த்தேன். அங்கே மனேஜர் இல்லை, முதலாளி. மேலே கேட்க ஆள் இல்லாதவர், அஞ்சு மணிக் கோல் வராதவர். அரைத் தாளைக் கொண்டுபோய் வைத்தேன். அதில் அவர் சுண்ணாம்பு விலையைக் கணக்குப் போட்டுவிட்டுக் கசக்கி எறிந்தார்.

முதலாளி வாசிக்கமாட்டார், கேட்பார். அதற்கும் நேரம் உண்டு. காலையில் கடை திறந்து, படத்துக்குப் பூ வைத்து, கற்பூரம் காட்டி, முதல் வியாபாரம் நடக்கும்வரை ஒருவரும் அவரிடம் கடன் கதை எடுக்கக்கூடாது. முதல் வியாபாரம் முடிந்து லாச்சிக்குள் காசு விழுந்தபிறகு ஒரு பத்து நிமிஷம் இருக்கிறது, அவர் பிளேன்ரீ குடிக்கிற நேரம். அப்போது வாயால் இரண்டு தொகை சொன்னால் சரி: நேற்றுக் கடனுக்குப் போனது, இன்று கட்டவேண்டிய செக். வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் கேட்காதீர்கள். விளக்கு வைக்கிற நேரத்திலும் கேட்காதீர்கள், எந்த நாளென்றாலும். இல்லை என்று சொல்வதற்கு அவருக்குச் சாமியே காரணம் எடுத்துக் கொடுத்துவிடும்.

நல்ல முதலாளிதான். என் மகனின் காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரிக்குத் தன்னுடைய வானையே விட்டார். அதே மனுஷன் லீவு கேட்டால் முகத்தைத் திருப்புவார். லீவு அவருக்குச் சட்டமாகத் தெரிவதில்லை, தான் போடுகிற பிச்சையாகத் தெரிகிறது. கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954இல் வந்தது. முழு வருஷம் வேலை செய்தவருக்கு அடுத்த வருஷம் 14 நாள் வருடாந்த லீவு, அதோடு 7 நாள் தற்செயல் லீவு. வாய் "ஐயா, ஒருக்கா விடுங்கோவன்" என்று கேட்கட்டும். மனதுக்குள் இந்த இரண்டு எண்ணும் இருக்கட்டும்.

யூலை 17, இரவு

ஒரு தம்பி தனியாக எழுதிக் கேட்டார், இங்கே போடுவதற்கு ஓம் என்றார். கடை முதலாளி ஈபிஎவ் (ஊழியர் சேமலாப நிதி) கட்டவில்லை, கேட்டால் உறவு கெட்டுவிடும் என்று பயம்.

உறவு வேறு, ஈபிஎவ் வேறு தம்பி. ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958. உங்கள் சம்பளத்தில் 8 வீதம், அவர் தன் கையில் இருந்து 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதி 1980, அது 3 வீதம், முழுக்க அவருடையது. "உன்ரை சம்பளத்துக்குள்ளை எல்லாம் அடங்கும்" என்று சொல்லி அவருடைய 12ஐயும் உங்களிடம் வெட்டுவது சரியில்லை. கடையில் ஒரே ஒரு ஆள் வேலை செய்தாலும் கட்டத்தான் வேண்டும்.

கேட்கிற விதம் ஒன்று இருக்கிறது. "ஏன் கட்டேல்லை?" என்று தொடங்கினால் அவர் வழக்குக்கு ஆயத்தமாகிவிடுவார். "ஐயா, வீட்டு வேலை ஒண்டு தொடங்கப் போறன், பாங்கிலை ஈபிஎவ் நம்பர் கேட்கினம்" என்று தொடங்குங்கள். வீட்டுக் கடனுக்கு அந்த மீதியைப் பிணையாகக் காட்டலாம் என்பது உண்மையான விஷயம், பொய் சொல்லச் சொல்லவில்லை. கட்டாதவருக்குத் தாமதித்த காசோடு தண்டமும் சேரும். அதையும் நீங்கள் சொல்லவேண்டாம், அவருடைய கணக்காளர் சொல்லட்டும். இதற்குப் பிறகும் மசியவில்லை என்றால் தொழில் திணைக்களத்துக்கு ஒரு கடிதம். அந்தக் கட்டத்தில் உறவைப் பற்றி யோசிக்கிற பொறுப்பு அவருடையது.

யூலை 18

பணிக்கொடையையும், அதாவது வேலையை விட்டுப் போகிறபோது முதலாளி தரவேண்டிய தொகையையும், சேர்த்து எழுதும்படி சொன்னார்கள். 1983ஆம் ஆண்டுச் சட்டம். 5 வருஷம் முடித்தவருக்கு ஒவ்வொரு வருஷத்துக்கும் அரை மாதச் சம்பளம். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்துக்கு. எங்கள் ஊர்க் கடைகள் ஏன் எப்போதும் பதின்மூன்று, பதினாலு பேரோடு நிற்கின்றன என்று இப்போது யோசித்துப் பாருங்கள்.

யூலை 21

செத்தவீட்டைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நான் எழுதப்போகிறேன்.

மனேஜரின் வீட்டில் இழவு என்றால் போங்கள். கட்டாயம். கலியாணத்துக்குப் போகாமல் விட்டால் மறந்துவிடுவார்கள், செத்தவீட்டுக்குப் போகாமல் விட்டதை மறக்கமாட்டார்கள். எட்டாம் நாளுக்குப் போக முடியாவிட்டால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்காவது முகம் காட்டுங்கள். போனால் ஒபிஸ் கதை எடுக்கக்கூடாது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் கிளையில் ஒருத்தன் இருந்தான். மனேஜரின் மாமனார் செத்தவீடு. பந்தலுக்குக் கீழே எல்லோரும் இருக்கிறோம், பறை அடிக்கிறது. இவன் மெதுவாக எழும்பி, மனேஜருக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து, ஏதோ ஆறுதல் சொல்கிறான் என்று பார்த்தால் சேட்பொக்கற்றில் இருந்து லீவு போமை எடுக்கிறான். "சேர், நாளைக்கு நீங்கள் வரமாட்டியள்தானே, அதுதான்." அந்த மனுஷன் சைன் வைத்தார். எனக்கு இன்றைக்கும் விளங்காதது அதுதான்.

யூலை 22

ஓம், அவனுக்கு அந்த வருஷம் இன்கிறிமென்ற் கிடைத்தது. இனிக் கேட்காதீர்கள்.

யூலை 24, இரவு

"எங்கள் மனேஜர் கஸ்டமர் முன்னால் பேசுகிறார், மானம் போகிறது" என்று எழுதியவருக்கு.

என்னையும் பேசியிருக்கிறார்கள். பேச்சு விழுகிற நேரத்தில் திருப்பிக் கதைத்தால் இரண்டு பேரும் கஸ்டமருக்கு நாடகம் போடுகிறோம். அடுத்த கிழமைவரை மனதில் வைத்திருந்தால் அவருக்கு அது ஞாபகமே இருக்காது. அன்றைக்கே, ஆள் இல்லாத நேரம் பார்த்து, உள்ளே போங்கள். கதவைச் சாத்தவேண்டாம். நான் சொன்னது இதுதான்:

"சேர், பிழை எண்டால் பேசுங்கோ, கேட்கிறன். கஸ்டமருக்கு முன்னாலை வேண்டாம். நாளைக்கு அந்தாளிட்டைக் காசு கேட்டுப் போறது நான்தான். என்னை மதிக்காட்டில் தரமாட்டார்."

என் மானத்தைப் பற்றி நான் ஒரு சொல்லும் எடுக்கவில்லை. அவருடைய வசூலைப் பற்றித்தான் சொன்னேன். "ம்" என்றார். பிறகு பேசினார்தான், ஆனால் அறைக்குள் கூப்பிட்டு. நான் கேட்டது அவ்வளவும்தான்.

யூலை 25

மேலே எழுதியதைப் பெண்பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் பாவிக்கவேண்டாம். பேச்சு வேறு, கை வேறு, இரவில் வருகிற மெசேஜ் வேறு. அவற்றுக்குப் பக்குவமாகக் கதைப்பது, அவருடைய நிலைமையைப் பார்ப்பது எல்லாம் இல்லை. பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக்கோவை 345ஆம் பிரிவில் குற்றம். மெசேஜை அழிக்காதீர்கள். மகளிர் உதவி இலக்கம் 1938. வீட்டில் ஒருவருக்காவது அன்றைக்கே சொல்லுங்கள்.

யூலை 30

தங்கச்சி எழுதியிருக்கிறா. அம்மா வீட்டுக்குப் போகவில்லை, சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டா. ஆனால் நேற்று நல்லூர்க் கொடியேற்றத்துக்குப் போன இடத்தில், தெற்கு வீதியில், அத்தனை சனத்துக்குள் மனேஜரின் மனுசியைக் கண்டுபிடித்து முழுக் கதையையும் சொல்லிவிட்டு வந்திருக்கிறா.

இதற்கு என்னிடம் மருந்து இல்லை. நல்லூர் 25 நாள் நடக்கும், நேற்று முதல் நாள்தான்.

யூலை 31

சரி, பகிடியை விடுவோம். "இனி நான் என்ன செய்ய?" என்கிறா.

ஒன்றும் செய்யாதீர்கள். மன்னிப்பும் கேட்கவேண்டாம், "அம்மா ஏதோ சொன்னவாவாம்" என்று தொடங்கவும் வேண்டாம். மனேஜருக்கும் வீட்டில் ஒரு அம்மா இருந்திருப்பா. நீங்கள் வழமைபோல ஏழெட்டு வரியில் உங்கள் தாளை வைத்துவிட்டு வாருங்கள்.

ஏழெட்டு என்று எழுதிவிட்டேன். மூன்று வரி! உங்கள் தாளின் படத்தைப் பார்த்தேன், அது கட்டுரை. காப்புறுதியில் அவருக்கு என்ன கேள்வி வரும்? இந்தக் கிழமை காலாவதியாகிற பொலிசி எத்தனை, புதுப்பிக்கப் போகிறவர் ஆர், இழுபடுகிற இழப்பீடு எது. மீதி உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

ஓகஸ்ட் 4

இப்போது எனக்குக் கீழே மூன்று பேர் வேலை செய்கிறார்கள். அதனால் மறுபக்கத்தையும் எழுதவேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் இதை வாசித்துவிட்டுச் சிரிப்பார்கள்.

மாதக் கடைசி, காலை எட்டு இருபத்தைந்து, வட்ஸ்அப்பில் "அக்கா சுகமில்லை". என்ன சுகமில்லை, எந்த வேலை பாதியில் நிற்கிறது, திறப்பு ஆரிடம், ஒன்றும் இல்லை. பிறகு ஒரு நீண்ட குரல்பதிவு. அதில் முதல் ஒரு நிமிஷம் இருமல். இருமல் உண்மையாகத்தான் இருக்கும். எனக்குத் தேவை எக்செல் எங்கே இருக்கிறது என்பது.

அதே மூன்று பேரில் ஒரு பிள்ளை "அக்கா, இண்டைக்கு முடியாது. நாளைக்குப் பத்து மணிக்குத் தருவன், சிமெந்துக் கணக்கு மட்டும் இப்ப தரலாம்" என்பாள். அவள் மற்ற இருவரையும் விடக் கெட்டிக்காரி என்று சொல்லமாட்டேன். ஆனால் அவளுடைய வேலையை நினைத்து நான் இரவில் முழிப்பதில்லை. சம்பள உயர்வு கதைக்கிற நேரம் அவளுடைய பெயர்தான் வாயில் முதல் வருகிறது. நியாயமா என்றால், முழுக்க நியாயம் இல்லை. அதிகம் கதைக்காத பெடியன் ஒருத்தன் இருக்கிறான், வேலை தங்கம். அவனைப் பற்றி முதலாளிக்கு நானாக நினைத்துச் சொன்னால்தான் உண்டு, சில மாதம் சொல்ல மறந்துபோகிறது. தங்கச்சியின் மனேஜரை நான் இவ்வளவு இலேசாக விளங்கிக்கொள்வது அதனால்தான்.

ஓகஸ்ட் 5

"அரசாங்க வேலைக்கு இதெல்லாம் செல்லாது" என்று ஒருவர். என் மனுஷன் பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர், அவரிடம் கேட்டு எழுதுகிறேன்.

அங்கே மேலதிகாரி மாறிக்கொண்டே இருப்பார். இன்றைக்குப் பழகிய ஆள் வருகிற வருஷம் கிளிநொச்சியில். அதனால் ஆளோடு உறவைவிடப் பைலில் உங்கள் குறிப்பு எப்படி இருக்கிறது என்பது முக்கியம். புதிதாக வருகிறவர் உங்கள் முகத்துக்கு முன் உங்கள் கையெழுத்தைத்தான் பார்ப்பார். "மேலதிக நடவடிக்கைக்காகச் சமர்ப்பிக்கிறேன்" என்று மட்டும் எழுதித் தள்ளுகிறவரையும், என்ன முடிவு எடுக்கலாம் என்று ஒரு வரி சேர்த்து எழுதுகிறவரையும் ஒரு கிழமையில் பிரித்துவிடுவார்கள். லீவு எல்லாம் தாபன விதிக்கோவைப்படி, 21 தற்செயல், 24 ஓய்வு. அங்கே ஒருவரும் பிளேன்ரீ நேரம் பார்க்கத் தேவையில்லை.

மனுஷன் வாசித்துவிட்டுச் சொல்கிறார், "பிளேன்ரீ நேரம் அங்கையும் பார்க்கத்தான் வேணும்" என்று. சரி.

ஓகஸ்ட் 9, இரவு

தங்கச்சியின் செய்தி. பல நாள் தாள் வைத்திருக்கிறா. மனேஜர் "வைச்சிட்டுப் போங்கோ" என்பதோடு சரி. ஒருநாள் வேலைப்பளுவில் வைக்கவில்லை. அடுத்த நாள் காலை அறைக்கு வெளியே வந்து கேட்டிருக்கிறார், "நேற்று ஏன் வைக்கேல்லை?"

ஒரு வருஷத்தில் அவராகக் கேட்ட முதல் கேள்வி என்று எழுதியிருக்கிறா. கோபமாகக் கேட்டாரா சாதாரணமாகக் கேட்டாரா என்று தெரியாமல் குழம்புகிறா. எப்படிக் கேட்டால் என்ன, தேடியிருக்கிறார்.

ஓகஸ்ட் 10

இரண்டாவது யோசனை. நான் இந்த அரைத் தாளைப் பெரிய மந்திரமாக்கிவிட்டேனோ தெரியாது. லீசிங் மனேஜரோடு எனக்கு உண்மையாக ஒட்டியது 2022இல்.

பெற்றோல் இல்லை. நாள்கணக்கில் லைன். யூலையில் பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் வந்தபோது முச்சக்கரவண்டிக்குக் கிழமைக்கு 5 லீற்றர். எங்கள் கஸ்டமரில் பாதிப்பேர் ஓட்டோக்காரர். 5 லீற்றரில் அவன் உழைப்பானா, தவணை கட்டுவானா? கொழும்பில் இருந்து கோல் மட்டும் குறையவில்லை. ஒருநாள் பின்னேரம் கரண்ட் வெட்டு. மனேஜர் அறையை விட்டு வெளியே வந்து எங்கள் மேசையில் இருந்தார். மெழுகுதிரி வெளிச்சத்தில் பட்டியலை விரித்து, சைக்கிளில் போகக்கூடிய தூரத்தில் ஆரார் இருக்கிறார்கள் என்று பிரித்தோம். கொக்குவில், திருநெல்வேலி, அரியாலை வரை சைக்கிள். அதற்கு அப்பால் போன் மட்டும், காசு கேட்காமல் எப்படி இருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்பது. அந்த இரண்டாவது யோசனை அவருடையது. எனக்கு அது வந்திருக்காது. வசூலுக்குப் போனை எடுத்துக் காசைப் பற்றிக் கதைக்காமல் வைப்பதா? ஆனால் நிலைமை தெளிந்தபிறகு அந்த ஆட்களில் பலர் தாங்களாக வந்து கட்டினார்கள்.

அதுவரை அவரை நான் அஞ்சு மணிக் கோலுக்குப் பயந்த மனுஷனாகத்தான் பார்த்திருந்தேன். வேலையும் தெரிந்தவர் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. அவரிடம் கேட்டுப் படித்திருக்கக்கூடிய எத்தனையோ விஷயம் இருந்திருக்கும். தாளை வைத்துவிட்டு நிற்காமல் வருகிற பழக்கத்தில் இது ஒரு குறை. இடைக்கிடை நின்று ஒரு கேள்வி கேளுங்கள் தங்கச்சி. "சேர், இந்த இழப்பீட்டை நீங்கள் எண்டால் எப்பிடிப் பார்ப்பியள்?" என்று. மாதத்தில் ஒன்றிரண்டு போதும்.

ஓகஸ்ட் 12

சிங்கள மேலதிகாரி என்றால் என்ன செய்வது என்று கேட்ட தம்பி, எங்கள் றீஜனல் மனேஜரும் அப்படித்தான். என் சிங்களம் பஸ்சில் இடம் கேட்கிற அளவு. எண்களை மட்டும் வரிசையாக எழுதி, பக்கத்தில் சின்ன ஆங்கிலத்தில் காரணம் எழுதினேன். கிளைக்கு வந்தபோது தமிழில் "நல்லா இருக்கு" என்றார். அவருடைய தமிழும் பஸ் அளவுதான்.

ஓகஸ்ட் 17

கடைசியாக வந்த கேள்வி: "வேறு இடத்தில் வேலை கிடைத்திருக்கிறது, மனேஜருக்கு எப்படிச் சொல்வது?" இது தங்கச்சி இல்லை, வேறொருவர்.

மற்றவர் வாயால் போகமுன் நீங்களே சொல்லுங்கள். இங்கே ஒரு செய்தி கஸ்தூரியார் வீதியில் புறப்பட்டால் அரை மணியில் கோண்டாவிலில் நிற்கும். கடிதத்தோடு போங்கள், புது இடத்துச் சம்பளத்தைச் சொல்லவேண்டாம், பழைய இடத்துக் குறையையும் எடுக்கவேண்டாம். நியமனக் கடிதத்தில் எவ்வளவு கால அறிவித்தல் என்று இருக்கிறதோ அதைக் கொடுங்கள். பாதியில் நிற்கிற வேலைகளை எழுதி, ஒவ்வொன்றையும் ஆரிடம் ஒப்படைத்தீர்கள் என்று பெயர் போட்டுக் கையெழுத்து வாங்கி ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு ரசீது காணாமல் போனால் முதலில் தேடுவது போனவனைத்தான்.

நீங்களாக விடுவது இது. அவர்கள் நிறுத்தினால் கதை வேறு, தொழில் நியாய சபைக்கு 6 மாதத்துக்குள் போகவேண்டும், "பார்ப்பம், கூப்பிடுவினம்" என்று இருந்து நாளை விட்டுவிடாதீர்கள்.

சேவைக் கடிதத்தைக் கடைசி நாளுக்கு முந்தியே கேளுங்கள். போனபிறகு கேட்டால் "வாறகிழமை வாங்கோ" தொடங்கிவிடும். கையில் கிடைத்ததும் சேர்ந்த திகதி, விட்ட திகதி, அடையாள அட்டை இலக்கம் மூன்றையும் அங்கேயே நின்று பாருங்கள். என்னுடையதில் வருஷம் மாறியிருந்தது. நல்லவேளை மனேஜர் இன்னும் கதிரையில் இருந்தார், பேனையை வாங்கி வெட்டித் திருத்தப் பார்த்தார். நான் விடவில்லை, புதிதாக அடித்துத் தரச்சொன்னேன்.